ஒரு லட்சம் டன் ஆமாங்க

சின்ன வயதில் உங்களைப் போலவே என்னையும் 'தவிட்டுக்கு வாங்கின பிள்ளை' என்று சொல்லித்தான் வீட்டில் அழவைத்தார்கள். அக்காமார் மூன்று பேரும் ஒருபடி மேலே போய், கொடுத்த தவிடு கொஞ்சம் மட்டமானதென்றும், என்னை விற்றவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் குறைபடுகிறார்கள் என்றும் கதை கட்டினார்கள். அந்தப் பாவமோ என்னவோ, வளர்ந்தபின் முப்பத்தோரு வருடம் தவிடு வாங்கியே சோறு தின்றேன். பல்லடம் பக்கத்தில் இந்த மாட்டுத்தீவன மில். அதில் கொள்முதல் பிரிவு. போன பங்குனியில் ஓய்வு பெற்றேன். இப்போது என் மேஜையில் உங்களை உட்காரவைத்துவிட்டு, "அந்தோணி சார், புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று முதலாளி கேட்கிறார்.

நாலு வார்த்தை எதற்கு? என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு வார்த்தை. 'ஆமாங்க.'

ஈரப்பதம் பார்ப்பது, மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்பது எல்லாம் உங்களுக்கு லேபில் சொல்லித் தருவார்கள். அந்த வார்த்தையைப் பற்றி யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஏனென்றால் இந்தச் சீமையில் அதை ஒரு வார்த்தையாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டே இருக்கிறார். நாம் ஆமாங்க, ஆமாங்க என்று இடையிடையே போட்டுக்கொண்டே இருப்போம். அதற்கு 'நீங்கள் சொல்வது சரி' என்று அர்த்தமில்லை. 'நான் இன்னும் தூங்கவில்லை' என்று அர்த்தம். இது கோயம்புத்தூர்க்காரனுக்குத் தெரியும். தூத்துக்குடிக்காரருக்கு எப்படித் தெரியும்?

நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆன சமயம், உள்ளூர் மாவு மில்களில் தவிடு தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து கோதுமைத் தவிடு வரவழைக்கலாம் என்று முடிவு செய்து ஐந்து கன்டெய்னர் சொல்லியிருந்தேன். மொத்தம் நூறு டன். ஆர்டர் தாளில் கிலோக் கணக்கில் ஒரு லட்சம் என்று இருக்கும். ஒருநாள் காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரியில் நின்று தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன். தூத்துக்குடியில் எங்கள் சரக்கை எடுத்து அனுப்பும் ஏஜென்ட் ஆபீசிலிருந்து செல்வராஜ் என்பவர் போன் செய்தார். டவுன் பஸ்காரன் ஒருவன் என் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வாயில் பன். செல்வராஜ் ஏதோ கேட்டார். ஆமாங்க என்றேன். மறுபடி கேட்டார். ஆமாங்க. இன்னொரு தடவையும் கேட்டார். அதற்கும் ஆமாங்க. போனை வைத்தேன், இன்னொரு பன் வாங்கினேன், அதோடு மறந்துபோனேன்.

அடுத்த வாரம் எங்கள் தொழிலுக்கென்று வருகிற தகவல் தாள் வந்தது. துறைமுக ஏஜென்டுகளிடம் கேட்டு, எந்தெந்தத் தவிடு, குருணை, பிண்ணாக்கு நாட்டுக்குள் எவ்வளவு வரப்போகிறது என்று போடுவார்கள். யார் வரவழைக்கிறார்கள் என்ற பெயர் மட்டும் இருக்காது. அதைப் பார்த்து மாதாமாதம் இறக்குமதி எப்படிப் போகிறதென்று ஆபீஸ் சுவரில் ஒரு சார்ட்டில் கோடு போடுவது என் வேலை. மில்லில் அதற்கு 'டிரெண்டு' என்று பெயர். வருடக்கணக்கில் அந்தக் கோடு எருமை படுத்துக்கிடக்கிற மாதிரி தரையோடு தரையாகத்தான் கிடந்தது.

இந்தத் தடவை தாளைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. கோதுமைத் தவிடு, வரவிருப்பது, ஒரு லட்சம் டன்.

பென்சிலை எடுத்தேன். கோடு சார்ட்டைத் தாண்டிப் போயிற்று. மேலே இன்னொரு சார்ட் ஒட்டினோம். அதையும் தாண்டியது. ஏணி கொண்டுவரச் சொன்னேன். ஒரு வாளி மைதா பசை காய்ச்சி, சுவர் முடிந்து கூரைவரை ஒட்டிக்கொண்டே போனோம். அங்கும் அடங்காமல் கோடு கூரையில் மடங்கி, மின்விசிறிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்காக விசிறியை நிறுத்திவைத்தோம். ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் டிரெண்டு பறக்கவில்லை, பசை அவ்வளவு கெட்டி. முதலாளி வந்தார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் மேஜையில் இருந்ததை ஒதுக்கிவிட்டு மல்லாந்து படுத்தே பார்த்தார்.

"அந்தோணி, இப்பத்தானுங்க எனக்கு இறக்குமதின்னா என்னன்னு புரியுது" என்றார்.

இவ்வளவு தவிடு வந்து இறங்கினால் விலை தரைக்கு வந்துவிடும். அதனால் இப்போது உள்ளூரில் ஒரு மூட்டைகூட வாங்கக்கூடாது, இருப்பை ஓட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றேன். முதலாளி படுத்தபடியே தலையாட்டினார்.

அத்தோடு நின்றிருந்தால் எங்கள் மில்லோடு போயிருக்கும். தீவனக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கூரையைப் படம்பிடித்துப் போட்டேன். பெருமைதான், வேறென்ன. ஒரே வாரத்தில் உடுமலைப்பேட்டைவரை எல்லா மில்லும் கொள்முதலை நிறுத்தின. ஒரு வியாபாரி, வரப்போகும் தவிட்டை அடுக்கிவைக்க ஒரு கல்யாண மண்டபத்தையே வாடகைக்குப் பிடித்துவிட்டார். "ஆடி மாசம் சும்மாதானுங்க கெடக்குது" என்று அதற்கு ஒரு விளக்கம். தவிடு வருகிறவரை மண்டபத்தைக் காலியாக விடுவானேன் என்று, 'தவிட்டின் எதிர்காலம்' என்ற தலைப்பில் அங்கே எனக்குக் கூட்டமும் போட்டார்கள். வாசலில் பிளக்ஸில் என் படம். மேடையில் சால்வை. "விவசாயிகள் கொஞ்சம் பொறுங்க, தவிடு மலையாட்டம் வந்து குவியப்போகுது" என்று முழங்கினேன். யாரோ அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

இதற்குள் உள்ளூர் மாவு மில்காரர்கள், இங்கே வாங்க ஆளில்லை என்று ஆனதும், தங்கள் தவிட்டை வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அனுப்பட்டும் என்று சிரித்தோம்.

நாங்கள் சொன்ன ஐந்து கன்டெய்னரும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. அவற்றின் சுங்கத் தாள்களில் நூறு டன் என்று சரியாகவே இருந்தது. ஆனால் ஏஜென்ட் ஆபீசில் அந்தத் தாள்களைப் பார்ப்பது வேறு மேஜை, செல்வராஜ் மேஜை வேறு. அவர் போன் செய்து, "முதல் தவணை நல்லபடியா வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். முதல் தவணையா என்று நான் கேட்டேனா? ஆமாங்க என்றேன். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்த ஒரு லட்சம் டன் யாரோடதுங்க?" என்று விசாரித்தேன். அவர் சிரித்தார். "பெரிய ஆளுதான் நீங்க. எங்கிட்டயே கேக்குதியளா?" என்றார். தொழில் ரகசியத்தை என்ன அழகாகக் காக்கிறார் மனிதர் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஐந்து கன்டெய்னர் தவிடு இரண்டு வாரத்தில் தீர்ந்தது. கப்பலைக் காணோம். என் பெயருக்குரிய புனித அந்தோணியார், காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுப்பவர். கோவிலில் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றிக் கப்பலைக் கேட்டேன். இல்லாததைக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம்.

ஒரு புதன்கிழமை காலை, மில் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். பழனியம்மாள் என்று பெயர். உடுமலை ரோட்டில் வீடு, நான்கு மாடு, பால் ஊற்றிப் பிழைப்பு.

"ஏனுங்க, இங்க அந்தோணிங்கறது யாருங்க?"

"நான்தானுங்க அம்மணி."

"மண்டபத்துல நீங்க பேசுனத எம்பையன் போன்ல காட்டுனானுங்க. பொறுங்கன்னீங்க. நானும் ஒன்னரை மாசமாப் பொறுத்துப்போட்டேன். மாடு பொறுக்க மாட்டீங்குதுங்க. எந்தக் கடைக்குப் போனாலும் தவுடு இல்லீங்கறாங்க. ரெண்டுக்குப் பால் வத்திப்போச்சு. செவலை செனையா நிக்குது, அதுக்கு வெறும் வைக்கல காட்டி ஏமாத்த முடியுங்களா? திங்கக்கிழமை சந்தைக்கு ஏத்தி உட்டர்லாம்னு இருக்கறேன். உங்க கப்பலு அதுக்குள்ளார வருமுங்களா?"

"இன்னும் பத்து நாளுங்க அம்மணி" என்றேன், எந்த ஆதாரமும் இல்லாமல்.

"யாருங்க பாத்தது?"

"எதைங்க?"

"கப்பலத்தானுங்க. ஒரு லட்சம் டன்னுன்னா எத்தனை லாரிங்க?"

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். லாரிக்கு இருபது டன். "ஐயாயிரம் லாரிங்க."

"தூத்துக்குடிலிருந்து வார லாரியெல்லாம் எங்கூட்டு முன்னாடிதானுங்க போகுது. எதுத்தாப்ல டீக்கடை. நீங்க பேசுன நாள்ல இருந்து, நிக்கற லாரியெல்லாம் என்ன சரக்குன்னு கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். தவுடு ஏத்துன லாரி இன்னைக்கு வரைக்கும் அஞ்சுதானுங்க."

ஐந்து. எங்கள் கன்டெய்னரும் அதே ஐந்துதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மேலாளர், தவிட்டில் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். காறல் இருந்தால் நாக்கிலேயே தெரியும் என்பார். "வாயில போடாதத நம்பாத" என்பது அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம். இருபது வருடம் அதை அப்படியே கடைப்பிடித்தேன். கூரைவரை போன இந்த ஒரு லட்சம் டன்னை மட்டும் யார் வாயிலும் போட்டுப் பார்க்கவில்லை, கண்ணாலும் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்த இந்த அம்மாள் எண்ணியதுதான் உருப்படியான டிரெண்டு.

மில்லில் தவிட்டு இருப்பு அடியில் கூட்டி அள்ளுகிற நிலையில் இருந்தது. அதில் அரை மூட்டை கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, மறுநாளே தூத்துக்குடிக்குப் போனேன்.

செல்வராஜ் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி. மிச்சம் எப்ப வருது? துறைமுக யார்டுல எடம் புடிச்சு வச்சிருக்கேம்லா" என்றார்.

"எந்த மிச்சமுங்க?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு லட்சம் டன். பக்கத்தில், வரவழைப்பவர் என்ற இடத்தில், எங்கள் மில்லின் பெயர். அதற்கும் பக்கத்தில் போனில் உறுதி செய்தவர் பெயர், அந்தோணி.

"தாள்ல வெறுமன லட்சம்னு இருந்திச்சு. டன்னு தான அண்ணாச்சின்னு மூணு மட்டம் கேட்டேன். மூணு மட்டமும் ஆமாங்கன்னு சொன்னியளே!"

இயேசுவைத் தெரியவே தெரியாதென்று அவர் சீடர் இராயப்பர் மூன்று முறை மறுதலித்தார். நான் மூன்று முறை ஆமாங்க போட்டிருக்கிறேன். அவருக்காவது ஒரு சேவல் கூவியது. கோழிப்பண்ணைக்குப் பேர்போன பல்லடத்தில் வேலை பார்த்தும் எனக்கு ஒரு சேவலும் கூவவில்லை. என் தப்பே ஊரெல்லாம் சுற்றி, தகவல் தாளில் அச்சாகி, புத்தம்புதுச் செய்தியாக என்னிடமே வந்திருக்கிறது. அதைப் பார்த்து நானே ஏணி வைத்து ஏறியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வரும் பஸ்ஸில் திண்டுக்கல் தாண்டுகிறவரை இதை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். செல்வராஜ் நோட்டில் திருத்திவிட்டார். அடுத்த தாளில் மூலையில் பொடி எழுத்தில் ஒரு திருத்தம் வரும். கப்பல் எங்கோ வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று நான் ஒரு கதை சொன்னால் இன்னொரு சால்வைகூடக் கிடைக்கலாம். உடுமலை தாண்டியதும் பழனியம்மாள் வீடு வந்தது. டீக்கடையை அடையாளம் வைத்துப் பார்த்தேன். வாளியும் கையுமாகச் செவலைப் பக்கத்தில் நின்று, எங்கள் பஸ் உட்பட ரோட்டில் போகிற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறார் என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு. மில்லுக்குள் தெலுங்கு பேசுவது கோபம் வந்தால் மட்டும். பத்து நிமிடம் பேசினார். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'லட்ச'. பிறகு மேஜைமேல் பழையபடி மல்லாந்து படுத்து, கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ்வளவும் நீங்கதானுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அந்த ஒரு தடவை மட்டும் அதற்கு ஆமாம் என்றே அர்த்தம்.

வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டேன். 'அந்த ஒரு லட்சம் டன் வராதுங்க. அது நான் போன்ல தப்பாச் சொன்னதுங்க. எல்லாரும் உடனே தவுடு வாங்கிக்கங்க.' பதில்கள் வரிசையாக வந்தன. ஆமாங்க. ஆமாங்க. ஆமாங்க, கும்பிடும் கை. ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் மண்டபம் பிடித்தவர். அவரும் கூப்பிட்டு, "நல்லா வெளையாடறீங்க அந்தோணிண்ணா. எங்களையெல்லாம் இப்ப வாங்க வெச்சுட்டு, கப்பலு வந்ததும் நீங்க மட்டும் மலிவா அள்ளிக்கலாமுங்களா?" என்றார். பொய்யாகச் சொன்னபோது சால்வை போட்டவர், மெய்யைச் சொன்னபோது சிரித்தார். கடைசியில் எங்கள் முதலாளியே பணம் கட்டித் தவிடு வாங்க ஓடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களும் ஓடினார்கள்.

ஆனால் ஓடி எங்கே வாங்குவது? உள்ளூர்த் தவிடு பூராவும் பாலக்காட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வாளையார் தாண்டிப் போய்க் கெஞ்சினேன். அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளில் எல்லாம் நம் ஊர் மாவு மில்களின் பெயர். இரண்டு மாதம் முன்பு வேண்டாம் என்று நான் திருப்பியனுப்பிய மூட்டை ஒன்றுகூட, மூலையில் என் பேனா எழுத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. நம் ஊர்த் தவிட்டை எல்லை தாண்டிப் போய் இறக்குமதி செய்த பெருமையும் எனக்கே சேரும்.

திங்கள் விடிந்ததும், மில்லிலிருந்து ஒரு குட்டியானை வண்டியில் இருபது மூட்டை ஏற்றினேன். கிளம்புமுன், இனி இது கண்ணில் படக்கூடாது என்று கூரையிலிருந்து டிரெண்டைக் கிழித்திழுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் கூரையின் காரைப்பூச்சும் சேர்ந்து வந்தது. ஒரு பாயைப் போலச் சுருட்டி, குப்பையில் போட நேரமில்லாமல், அதையும் மூட்டைகளுக்கு மேல் எறிந்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

பழனியம்மாள் வீட்டு முன்னால் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றது. செவலை அதன்மேல் ஏறி நின்றிருந்தது. கயிற்றை டிரைவர் கட்டிக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டிக்கொண்டே இறங்கி ஓடினேன்.

"நிறுத்துங்க அம்மணி, தவுடு கொண்டாந்திருக்கறேன்!"

அவர் வண்டிக்குள் எட்டி மூட்டைகளைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "கப்பலு வந்துருச்சுங்களா?"

தம்பிகளே, தங்கைகளே, இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ஆமாங்க என்று சொன்னால் அந்த அம்மாள் சந்தோஷமாக மாட்டை இறக்கிவிடுவார். நானும் கப்பலைக் கொண்டுவந்த மகராசனாக வீடு திரும்பலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இல்லை என்றால், இருபது மூட்டையை நம்பி எப்படி என்று அவர் மாட்டை விற்கலாம், அதுவும் என்னால்தான்.

"இல்லீங்க" என்றேன். "கப்பலே கெடையாதுங்க அம்மணி. நான் போன்ல தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. இது பாலக்காட்டுல இருந்து கொண்டாந்தது. ஒரு மாசத்துக்கு வரும். அதுக்கப்புறம் என்னாகும்னு எனக்குத் தெரியலீங்க. அந்த அஞ்சு லாரி மட்டுந்தானுங்க நெசம்."

திட்டுவார் என்று நின்றேன்.

"தெரியலீங்கன்னு உங்க வாயில இருந்து இப்பத்தானுங்க வருது" என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "மாட்ட எறக்குங்க. ஒரு மாசம்னு நெசத்தச் சொல்றாரு, அதுக்குள்ள கன்னு போட்டுரும், பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

செவலை பலகையில் தடதடவென்று இறங்கியது. நேராக எங்கள் வண்டிக்கு வந்தது. மூட்டைகளை மோந்துகூடப் பார்க்கவில்லை. மேலே கிடந்த சார்ட்டுச் சுருளை, மைதா பசை மணத்துக்கு, நுனியில் பற்றி இழுத்து மெல்ல ஆரம்பித்தது. பழனியம்மாள் தடுக்கப் போனார். "உடுங்க அம்மணி, தின்னட்டும்" என்றேன்.

ஒரு லட்சம் டன்னையும் தின்று முடிக்க அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று.